தேசிங்கு அண்ணனுக்காகப் படகுகள் நின்ற நாள்

தேசிங்கு அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக் கிடங்கில் முதல் ஷிப்ட். ஃபோர்க்லிஃப்டை ஓரங்கட்டிவிட்டுப் போனை எடுத்தேன். ஊரிலிருந்து ஏகாம்பரம் மச்சான். இப்போது எங்கள் வடகுப்பத்துக்கு அவர்தான் நாட்டார், அதாவது ஊர்த்தலைவர்.

"வேலு, தென்குப்பம் தேசிங்கு போய்ட்டாராமே, நெஜமா?"

எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ட்யூட்டி முடித்து விடியற்காலையில் வீட்டுக்குப் போனவர், நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதையெல்லாம் மச்சான்தான் எனக்குச் சொன்னார். சுங்குவார்சத்திரத்தில் அண்ணனும் நானும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். எனக்கோ செய்தி கடற்கரையிலிருந்து வருகிறது. அண்ணி ஏன் எனக்குப் போன் செய்யவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"சரி, நாளைக்கு போட்டு எடுக்கலாமா, வேணாமா? நீதான் அவரு கூடவே கீற. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றார் மச்சான்.

வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். போட்டு என்றால் படகு. எங்கள் கடற்கரையில் ஒரு குப்பத்தில் சாவு விழுந்தால் அந்தக் குப்பத்துப் படகு எதுவும் கடலில் இறங்காது. பக்கத்துக் குப்பம் இறங்கலாம், தடையில்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்காக நாங்கள் படகை நிறுத்தினால், அவரை எங்கள் ஊர்க்காரராக ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம். மாலை, வேட்டி, சங்கு, மேளம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"யோசிச்சு சொல்றேன் மச்சான்" என்று வைத்துவிட்டேன். அண்ணனைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். வடகுப்பத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதை நான் போனில் சொல்லியிருந்தால் மறுநாள் எங்கள் படகுகள் ஒன்றுவிடாமல் கடலில் இறங்கியிருக்கும், வெடி வெடித்துக்கொண்டே.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், கூடவே இருந்தவன் நீ, நாலு வரி எழுதிக் கொடு என்று இரண்டு ஊரும் கேட்டீர்கள். நாலு வரியில் முடியவில்லை. கேட்ட பாவத்துக்குக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

முதலில் ஞாபகம் வருவது அந்தச் சாலை மறியல். அப்போது கடல் இரண்டு ஊருக்கும் பாரபட்சம் பார்க்காமல்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. கடல் மட்டம் உயர்கிறது என்று டிவியில் சொல்வார்கள். நாங்கள் "கடலு உள்ள வர்து" என்போம். வலை உலர்த்தும் இடம் போய்விட்டது. அடுத்தது வீடுகள்தான். அண்ணன் அன்றைக்குத் தென்குப்பத்து நாட்டார். "கடலுக்கு வாயி மட்டும்தான் கீது, காது இல்ல. காது இருக்கறவன்கிட்ட போய்ப் பேசலாம் வாங்க" என்று, அலையைத் தடுக்கக் கரையில் கல் கொட்டச் சொல்லிக் கேட்க, இரண்டு ஊரையும் கூட்டிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனார். "கேட்டா குடுக்கமாட்டான், உக்காந்தா குடுப்பான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. உட்கார்ந்தோம். உள்ளதைச் சொன்னால் தென்குப்பத்தைவிட எங்கள் கூட்டம்தான் அன்று அதிகம். என் அம்மா ஒரு அண்டா கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொண்டுவந்து, விரட்ட வந்த போலீஸ்காரர்களுக்கும் சேர்த்து ஊற்றினாள். அண்ணன், நின்றுபோன லாரி ஒன்றின் முன்பக்கத்தில் ஏறி நின்று, "கல்லு ரெண்டு ஊருக்கும்! ஒரு ஊருக்குன்னா ஒரு கல்லுகூட எறங்கக்கூடாது!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் எழுந்து வீட்டுக்குப் போனோம்.

கல் வந்தது. தென்குப்பத்தின் வடக்கு எல்லையில், கடலுக்குள் நீட்டிக் கொட்டினார்கள். தூண்டில் வளைவு என்பார்கள் அதை. எங்கள் எல்லையில் ஒரு கூடைக் கல்கூட விழவில்லை. அப்பா நேரே அண்ணனிடம் போனார். நானும் உடன் போனேன்.

"இன்னா தேசிங்கு, எங்க பக்கம் எப்போ?"

"அடுத்த வருசம் மாமா. நான் பேசிட்டேன். கவலைய வுடு."

அப்பாவுக்கு அது போதவில்லை. ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடாகக் கட்டலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். கல் வருவது நிச்சயமென்றால் கட்டலாம், இல்லையென்றால் வேண்டாம் என்றார். அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "போடு மாமா, இன்னா இப்போ" என்றார். அப்பா போட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது வடகுப்பத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கரையில் வருஷத்தில் பாதிக்குமேல் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். குறுக்கே கல்லைப் போட்டால் மணல் தெற்குப் பக்கம் தங்கிவிடும். வடக்கே வரவேண்டியது வராது. அலை மட்டும் வந்து இருக்கிற மணலையும் வாரிக்கொண்டு போகும். இன்றைக்கு எந்தக் குப்பத்துப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. கங்கையம்மனுக்கு ஒரு வருஷம் திருவிழா தவறிப்போயிருந்தது, அதுதான் காரணம் என்று ஊரே நம்பியது. ஆடு வெட்டினோம். அம்மனைப் பெயர்த்து மேற்கே தள்ளிப் பிரதிஷ்டை செய்தோம். மறு வருஷம் கடல் அங்கேயும் வந்தது. பாவம், அம்மனுக்கே எங்கள் ஊரில் போக்கிடம் இல்லை.

அப்பா தளம் போட்ட வீடு இரண்டாகப் பிளந்தது. தளம் அப்படியே மணலில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா தினமும் போய் அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பார். கூப்பிட்டால், "என் வூட்டு மேலதான உக்காந்துகினு கீறேன், வுடு" என்பார். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

படகு கட்டவும் எங்களுக்குக் கரை இல்லாமல் போனபோது, "எங்க மணல்ல கட்டிக்குங்க, எவன் கேக்கறான் பாக்கலாம்" என்றவர் அண்ணன்தான். இன்றும் வடகுப்பத்துப் படகுகள் தென்குப்பத்து மணலில்தான் நிற்கின்றன. அண்ணன் தெய்வம் என்று பேசினோம். கல் வராததற்கு அதிகாரிகளைத் திட்டினோம். அண்ணனும் எங்களோடு சேர்ந்து திட்டினார்.

பிறகு ஒருநாள் நாட்டார் பொறுப்பை விட்டுவிட்டு ஒரகடத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார். ஊரைக் காப்பாற்றிய மனிதர், கரை தினம் வளர்ந்துகொண்டிருந்த ஊரை விட்டு, ஏன் ஒரு கம்பெனி கேட்டில் சல்யூட் அடிக்க வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர் சும்மா இருக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டார். எனக்குப் பின்னால் எங்கள் ஊரிலிருந்து யார் வந்தாலும் ரூம் பார்த்துக்கொடுப்பார், சூப்பர்வைசரிடம் பேசுவார், முதல் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனிடம் கூட்டிப்போய்க் கும்பிட வைப்பார். எங்கள் லைனில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, ஒங்க ஊர்க்காரவளுக்கு மட்டுந்தான் வேல வாங்கிக் குடுப்பியளோ?" என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தார். "அது எங்க ஊரு இல்லபா, பக்கத்து ஊரு" என்றார் அண்ணன். நாங்கள் பூரித்துப் போனோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பேய்மழை. கேட்டிலிருந்து கிடங்குக்கு நல்ல தூரம். அண்ணன் தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். "கடலுக்குப் போனவனுக்கு மழ இன்னாண்ணா பண்ணும்" என்றேன். "கடல்ல நனஞ்சா மீனு கெடைக்கும். இங்க நனஞ்சா ஜொரந்தான் கெடைக்கும், போட்டுகினு ஓடு" என்றார். கோட்டை அவர் திருப்பிக் கேட்கவேயில்லை.

ஒரு திருவிழாவுக்கு அவருடைய தென்குப்பத்து வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் வடக்குப் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார். பூச்சுகூடப் பூசவில்லை. "இன்னாண்ணா, வாஸ்துவா?" என்று கிண்டல் செய்தேன். "உப்புக் காத்து வேலு. டிவி துருப்பிடிக்குது" என்றார். கிழக்கே கடலைப் பார்த்திருந்த ஜன்னல் அகலத் திறந்தே இருந்தது. அதை நான் கவனித்தேன், யோசிக்கவில்லை.

போன மழைக்கு வருகிறேன். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெருவுக்கு மேற்கே பள்ளமான நிலம் ஒன்று உண்டு. மழைத்தண்ணீர் அதில் இறங்கி, கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்விடும். யாரோ அதை வாங்கி, கிடங்கு கட்டுவதற்காக ஆளுயரத்துக்குக் கிராவல் கொட்டினார்கள். முதல் பெருமழையிலேயே ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட பெருவெள்ள வருஷம்கூட இந்தத் தெருவில் கணுக்கால் நனையவில்லை என்று வீட்டுக்காரர் புலம்பினார். கடல் விரட்டுகிறது என்று ஓடிவந்தவனை ஒரு லாரி மண் விரட்டியது.

தண்ணீர் வடிந்ததும் அண்ணனும் நானும் பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். நான் அந்தக் கிராவல்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். "தெரியாமலா கொட்டியிருப்பான்? தண்ணி எங்க போவும்னு ஒருத்தன்கூட யோசிக்க மாட்டானா?" என்றேன்.

"தெரியாம எவனும் கொட்ட மாட்டான் வேலு. அளவெடுக்கறவன் மொதல்லயே சொல்லிடுவான், தண்ணி இந்தப் பக்கம் திரும்பும்னு."

"ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"என்கிட்ட சொன்னாங்களே."

எனக்குப் புரியவில்லை. அண்ணன் கிளாசைக் கீழே வைத்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கல்லு போட அளவெடுக்க வந்தாரே, அந்த இஞ்சினியர். 'ஒரு ஊருக்குத்தான் கல்லு கீது. இங்க போட்டா வடக்க அரிச்சிடும். ரெண்டு ஊருலயும் கேட்டுச் சொல்லுங்க'ன்னாரு. நான் யாரையும் கேக்கல. போடுங்கன்னுட்டேன்."

என் கையில் இருந்த டீ ஆடை கட்டிவிட்டது. "எங்க அப்பா வந்து கேட்டப்போ, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தளம் போடுன்னு சொன்னப்போ?"

"தெரியும் வேலு. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. நான் இன்னான்னு சொல்றது?"

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "நீ நாட்டாரா இருந்து, ஒன் ஊரு ஒன் கண்ணு முன்னாடி போவுதுன்னா, நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப, சொல்லு."

கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். அதைச் செய்கிற ஆளை நேரில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மழைக்கோட்டும் வேலையும் ரூமும் முருகன் கோயில் விபூதியும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, ஒவ்வொன்றும் வேறு மாதிரி கசந்தது. தன் ஊருக்குக் கல் கேட்டதை நான் தப்புச் சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளை தண்ணீரில் தத்தளித்தால் தன் பிள்ளையைத்தான் முதலில் பிடிப்பான் மனிதன். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுபடி ரோட்டில் உட்கார்ந்திருப்போம். அதுவும் பலிக்காவிட்டால் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், கடல் எட்டாத தூரத்தில், வீட்டைக் கட்டியிருப்போம். "போடு மாமா" என்று சொல்லியிருக்கவேண்டாம். அவரை நம்பித்தான் ஒரு மனிதன் தன் கடைசி வீட்டை அலையின் வாயில் கட்டினான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. ஷிப்டுக்குப் போகும்போது கேட்டில் நிற்பார். "வேலு, சாப்ட்டியா?" என்பார். நான் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, யாரோ மாதிரி உள்ளே போய்விடுவேன். ஒருநாள்கூட அவர் கேட்காமல் இருந்ததில்லை. நானும் ஒருநாள்கூட நின்றதில்லை. ஊரில் யாரிடமும் நான் சொல்லவும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மச்சானின் போன் வந்தது, போட்டு எடுக்கலாமா வேணாமா என்று. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். கேட்டில் புது ஆள் ஒருவர் நின்றிருந்தார். என் அட்டையை வாங்கி, போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ரோட்டுக்கு வந்து மச்சானைக் கூப்பிட்டு, "எடுக்க வேணாம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அப்போது கேட்டிருந்தால் ஒரு காரணம் வைத்திருந்தேன். எங்கள் படகுகள் நிற்பது அவர்கள் மணலில். நான் உண்மையைச் சொல்லி, சாவு வீட்டில் கலவரம் வந்தால் படகுகளை அவிழ்த்துவிடுவார்கள், எங்களுக்கு வேறு கரை கிடையாது. காரணம் சரிதான். ஆனால் அந்தப் புது ஆள் சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் இரண்டு குப்பத்துப் படகுகளும் வரிசையாக மணலிலேயே கிடந்தன. வடகுப்பத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, "எங்களுக்கு சோறு போட்ட மகராசா" என்று அழுதார்கள். நானும் பாடைக்குத் தோள் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி அந்தச் செங்கல் ஜன்னலைக் காட்டினார். "அதத் தெறந்தா ஒங்க அப்பா ஒடஞ்ச வூட்டு மேல உக்காந்து பீடி குடிக்கறது தெரியும் தம்பி. ரெண்டு நாளு பாத்தாரு. மூணாவது நாளு செங்கல் எடுத்தாந்துட்டாரு" என்றார்.

அண்ணிக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் படித்துக் காட்டினேன். "அவரு சொல்லணும் சொல்லணும்னு இருந்து, ஒன்கிட்ட மட்டும் சொன்னாரு. இப்போ நீ எல்லார்கிட்டயும் சொல்ற. போடு" என்றார். ஏகாம்பரம் மச்சானிடமும் படித்தேன். அவர் பாதியில் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா போட்டு எடுத்திருப்போம்டா" என்றார். தெரியும் மச்சான். ஊரைக் கேட்காமல் ஊருக்காக நான் ஒரு முடிவு எடுத்தேன். அண்ணன் செய்ததும் அதுதான். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தென்குப்பத்து உறவுகளே, கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். படகுகளைத் தொடாதீர்கள்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்பவை இரண்டு. ஒன்று அந்த மழைக்கோட்டு. கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, பலமுறை தூக்கிப்போடப் போய் மறுபடி மாட்டியிருக்கிறேன். இன்னொன்று டீக்கடையில் அவர் கேட்ட கேள்வி.

இதைப் படித்துக் காட்ட ஊருக்கு வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். தென்குப்பத்துக்குத் தெற்கே கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே கல் போடப் போகிறார்களாம். தென்குப்பத்து உறவுகளே, அங்கே கல் விழுந்தால் உங்கள் மணல் நின்றுவிடும். எங்களுக்கு வந்தது உங்களுக்கு வரும். அண்ணன் வீட்டில் ஆரம்பித்து அம்மன் கோயில் வரைக்கும் வரும். "ஒங்களுக்கும் அடுத்த வருசம்" என்று எவராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள். அவர் யாராக இருந்தாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நம்பாதீர்கள். இப்போதே வந்து உட்காருங்கள். வடகுப்பம் உங்களோடு ரோட்டில் உட்காரும், நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

நீயாக இருந்தால் என்ன பண்ணியிருப்பாய் என்று கேட்டீர்களே அண்ணா. இதைத்தான்.